புத்தக மதிப்பு 69, விலை 21: இந்த நூற்பாலைப் பங்கு மலிவா?

12 ஜூலை 2025 | சிறுபங்குப்பித்தன்

பெயர் சொல்லவில்லை, சொன்னால் இங்கேயே பத்துப் பேர் வாங்கி விலையை ஏற்றிவிடுவீர்கள். எண்களையும் முழுமையாக்கித்தான் தருகிறேன். மேற்குத் தமிழ்நாட்டில் 22,000 கதிர் (நூல் நூற்கும் ஸ்பிண்டில்) உள்ள நூற்பாலை. மொத்தம் 40 லட்சம் பங்கு, முகமதிப்பு 10. பதினான்கு மாதத்தில் 64-லிருந்து 21-க்கு வந்துவிட்டது. புத்தக மதிப்பு (கணக்குப் புத்தகப்படி சொத்தில் எல்லாக் கடனும் போகப் பங்குக்கு மிஞ்சுவது) 69.

என் கணக்கு: நடப்புச் சொத்து (சரக்கு, வரவேண்டிய பாக்கி, பணம் போன்றவை) 35 கோடி, நடப்புக் கடன் (ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது) 28 கோடி. மீதி 7 கோடி, பங்குக்கு 17.50. நிலம் புத்தகத்தில் 14 கோடி, பங்குக்கு 35. இரண்டும் சேர்ந்து 52.50. இயந்திரம், காற்றாலை எல்லாம் இலவசம். 21-க்கு இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். எங்கே தப்பு?

12 ஜூலை, இரவு | கதிர்க்கணக்கு

முதல் தப்பு கழித்தலில். மலிவுப் பங்கு தேடுபவர்களின் ஆசான் பெஞ்சமின் கிரகாம் சொன்ன கணக்கு, நடப்புச் சொத்திலிருந்து *எல்லாக்* கடனையும் கழிப்பது. நீங்கள் நடப்புக் கடனோடு நிறுத்திவிட்டீர்கள். நீண்டகாலக் கடன் 6 கோடி, ஒத்திவைத்த வரி (பின்னால் வரக்கூடிய வரிக்காகக் கணக்கில் எழுதி வைப்பது) 1 கோடி என்று மார்ச் இருப்புநிலையில் இருக்க வேண்டுமே? மொத்தப் பொறுப்பு 35. 35-இல் 35 போனால் பூஜ்யம். கிரகாம் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைத்தால்தான் தொடுவார். இது அந்த வகைப் பங்கே இல்லை.

அப்போது மிச்சம் இருப்பது நிலம், கட்டடம், இயந்திரம். "இலவசம்" என்று நீங்கள் சொன்னதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

12 ஜூலை, இரவு | சிறுபங்குப்பித்தன்

ஆமாம் சார், 6-ம் 1-ம் இருக்கிறது. ஆனாலும் 0.30 மடங்கு புத்தக மதிப்பு!

13 ஜூலை | கதிர்க்கணக்கு

சந்தை மதிப்பு 8.4 கோடி. கடன் 24 கோடி (குறுகியகாலம் 16, இந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணை 2, நீண்டகாலம் 6). பணம் 1.5 போக ஆலையின் மொத்த விலை 30.9 கோடி. அதில் உங்கள் பங்கு கால்வாசியைச் சற்றே தாண்டும். ஆலையின் மதிப்பு பத்து சதவீதம் குறைந்தால் 3 கோடி. அது பங்குதாரர் கையிலிருந்து 37 சதவீதம். வங்கிக்கு ஒன்றும் ஆகாது. இந்த மாதிரிப் பங்கு 64-லிருந்து 21-க்கு வர, தொழில் பெரிதாகக் கெட்டிருக்கக்கூட வேண்டாம்.

இன்னொரு சந்தேகம்: விலையை இறக்குவது யார்? பங்குதாரர் பட்டியலைப் போடுங்கள். எக்ஸ்சேஞ்ச் தளத்தில் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வந்துவிடும்.

13 ஜூலை | சிறுபங்குப்பித்தன்

புரோமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்து நடத்துபவர்) 73%. பொதுவில் 27%, அதாவது 10.8 லட்சம். அதில் ஐஇபிஎஃப் (அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி) 1.1 லட்சம். டிமேட் (மின்னணுக் கணக்கு) ஆகாத காகிதப் பங்கு 1.9 லட்சம். ஒரு தனியார் கம்பெனி 2.4 லட்சம். ஒரு தனிநபர் 1.4 லட்சம்.

13 ஜூலை | கதிர்க்கணக்கு

எண்ணிப் பாருங்கள். ஐஇபிஎஃப் என்பது ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காதவர்களின் பங்கு. வாரிசு யாராவது கோரும்வரை அசையாது. காகிதப் பங்கை 2019 ஏப்ரல் முதல் அப்படியே கைமாற்ற முடியாது. அந்தத் தனியார் கம்பெனியின் இயக்குநர்கள் யார் என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பாருங்கள். புரோமோட்டரின் சம்பந்தி, மைத்துனர் பெயர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கையிலிருக்கும் பங்கு "பொது" என்ற தலைப்பில் இருக்கும், புத்தி புரோமோட்டரிடம் இருக்கும்.

10.8-இல் 1.1, 1.9, 2.4, 1.4 போனால் 4 லட்சம் பங்கு. 21 ரூபாய்க்கு 84 லட்சம். உண்மையான புழக்கம் அவ்வளவுதான். திருப்பூரில் ஒரு நல்ல வீடு.

இப்போது அந்த 1.4 லட்சக்காரர். ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர் பட்டியலில் வரும், இங்கே அது 40,000 பங்கு. போன நான்கு காலாண்டு பட்டியலை எடுத்து அவர் பெயருக்கு நேரே இருந்த எண்ணை வரிசையாக எழுதுங்கள்.

14 ஜூலை | சிறுபங்குப்பித்தன்

மார்ச் வரை: 2.6 லட்சம், 2.3, 1.9, 1.4.

14 ஜூலை | கதிர்க்கணக்கு

வலை போட்டாச்சு, மீன் கிடைச்சாச்சு. சராசரி நாள் வணிகம் 900 பங்கு என்று நினைக்கிறேன், சரியா? அவர் ஒன்பது மாதத்தில் 1.2 லட்சம் விற்றிருக்கிறார், நாளுக்கு 650 போல. வணிகத்தில் முக்கால்வாசி அவருடையதுதான். மீதி 1.4 லட்சத்தையும் இதே வேகத்தில் விற்றால் இன்னும் 215 வணிக நாள், பத்து மாதத்துக்கு மேல். மொத்தப் பங்கில் 0.5% தாண்டினால்தான் ஒரே நாள் வணிகம் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் பல்க் டீல் (பெரிய வணிகம்) பட்டியலில் வரும். இங்கே 20,000 பங்கு. நாளுக்கு 650 விற்பவர் அதில் தலை காட்டவே மாட்டார். சார்ட்டை வைத்து "சந்தைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது" என்பவர்களுக்கு இதுதான் பதில்: சில சமயம் சந்தை என்பது ஒரே ஒரு ஆள்.

ஆனால் இதை வாங்கக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பவர் ஓய்ந்தால் விலை ஏறலாம். அது மதிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. அவர் ஏன் விற்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது.

14 ஜூலை | ஈரோட்டுக்காரன்

எட்டரைக் கோடிக்கு முழு மில்லும் வருதுன்னா நாம நாலு பேரு சேந்து வாங்கிப்போடலாம்ணே!

14 ஜூலை | கதிர்க்கணக்கு

நாலு பேர் சேர்ந்தால் 4 லட்சம் பங்கு வாங்கலாம், பத்து சதவீதம். அதற்குள் விலை 45 ஆகியிருக்கும். 5% தொட்டதும் இரண்டு வேலை நாளில் எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிக்க வேண்டும். சேர்ந்து வாங்கினால் சேர்த்தே எண்ணுவார்கள். பிறகு 73% வைத்திருப்பவர் உங்களை டீ குடிக்கக் கூப்பிடுவார். சிறப்புத் தீர்மானத்துக்கு வாக்களித்தவர்களில் 75% போதும். பொதுவில் பாதிப் பேர் வாக்களிக்காததால் அவர் 73-ஐ வைத்தே எதையும் நிறைவேற்றிக்கொள்வார்.

15 ஜூலை | கதிர்க்கணக்கு

வாங்குவது எப்படி என்று தனியே சொல்கிறேன், பல பேர் இங்கேதான் கை சுடுகிறார்கள்.

இரண்டு லட்சம் ரூபாய் என்றால் 9,500 பங்கு. நாள் வணிகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் நீங்களே விலையை ஏற்றுவீர்கள். 900-இல் 180. ஆக 53 வணிக நாள், இரண்டரை மாதம். வெளியே வரவும் அவ்வளவுதான், கெட்ட செய்தி நாளில் வரவே முடியாது. நாளுக்கு 5% வரம்பில் பத்து நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட் (அன்று இறங்கக்கூடிய கடைசி விலை) அடித்தால் 21 என்பது 12.57 ஆகும், அந்தப் பத்து நாளும் வாங்க ஆள் இருக்காது, உங்கள் விற்பனை ஆர்டர் வரிசையில் தூங்கும்.

திரையில் வாங்குபவர் 20.40, விற்பவர் 21.90 என்று நின்றால் அதுவே ஏழு சதவீதம். வாங்கிய நிமிடமே ஏழு சதவீத நஷ்டம். மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு வாங்குவது) போடவே கூடாது. லிமிட் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்பது), அதுவும் வாங்குபவர் பக்கத்தில் போய் நின்று, வந்தால் வரட்டும் என்று.

முன்னதாக ஒன்று பாருங்கள்: பங்கு டிரேட்-டு-டிரேட் (வாங்கிய அன்றே விற்க முடியாத) பிரிவில் இருக்கிறதா, எக்ஸ்சேஞ்சின் கண்காணிப்புப் பட்டியல்களான ஏஎஸ்எம், ஜிஎஸ்எம், இஎஸ்எம் எதிலாவது இருக்கிறதா. இஎஸ்எம் 2023 ஜூனில் வந்தது, குட்டிக் கம்பெனிகளுக்கென்றே. அதில் சிக்கினால் நூறு சதவீத மார்ஜின் (முழுப் பணமும் முன்கூட்டியே), முழு டெலிவரி, 5 அல்லது 2 சதவீத வரம்பு. அடுத்த கட்டத்தில் அவ்வப்போது நடக்கும் அழைப்பு ஏலத்தில் (ஆர்டர்களைச் சேர்த்து ஒரே விலைக்கு முடிப்பது) மட்டும் வணிகம். மேலே போட்ட 53 நாள் கணக்கு அன்றே செத்துவிடும்.

19 ஜூலை | கதிர்க்கணக்கு

சொத்தை விடுங்கள், சம்பாதிக்கிறதா? 22,000 கதிர், நாற்பதாம் நம்பர் நூல். ஒரு கதிர் ஒரு ஷிப்டுக்கு நூறு கிராம் என்று வையுங்கள். மூன்று ஷிப்ட், 350 நாள்: 23.1 லட்சம் கிலோ. கிலோ 285 என்றால் விற்பனை 66 கோடி. அறிக்கையோடு ஒத்துப்போகிறதா?

19 ஜூலை | சிறுபங்குப்பித்தன்

விற்பனை 66.2. வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தைய லாபம் 3.3. வட்டி 2.5. தேய்மானம் 1.8. நஷ்டம் 1 கோடி.

19 ஜூலை | கதிர்க்கணக்கு

அப்படியென்றால் முழு ஓட்டம்தான். இதுவே முக்கியமான செய்தி, நல்ல செய்தி அல்ல. பாதிக் கதிர் நின்று நஷ்டம் என்றால் ஓட்டினால் சரியாகும் எனலாம். முழுக்க ஓடியும் நஷ்டம் என்றால் பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி போதவில்லை.

அந்த இடைவெளி கிலோவுக்கு 5 ரூபாய் கூடினால் 1.15 கோடி, நஷ்டம் நிற்கும். 10 ரூபாய் கூடினால் 1.3 கோடி லாபம், பங்குக்கு 3.25, விலை அதற்கு ஆறரை மடங்கு. 5 ரூபாய் குறைந்தால் 2.15 கோடி நஷ்டம், அந்த ஆண்டு வட்டி கட்டவே கடன் வாங்க வேண்டும். நூலுக்கு விலை சொல்லும் அதிகாரம் இந்த ஆலைக்குக் கிடையாது. திருப்பூரும் கோவையும் மாத ஆரம்பத்தில் சொல்வதுதான் விலை. ஆக நீங்கள் வாங்குவது கிலோவுக்கு ஐந்து பத்து ரூபாய் மேல் கட்டும் பந்தயம், காலக்கெடுவை வங்கி வைத்திருக்கிறது.

2 ஆகஸ்ட் | சிறுபங்குப்பித்தன்

வாரன் பஃபெட்டும் இப்படி நஷ்டத்தில் போன ஜவுளி ஆலையைத்தானே வாங்கினார்?

2 ஆகஸ்ட் | கதிர்க்கணக்கு

வாங்கினார், வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டும் இருந்தார். பெர்க்ஷயர் ஹாத்தவே, 1962 டிசம்பரில் பங்கு 7.50 டாலருக்கு. அப்போது பங்குக்கு நடைமுறை மூலதனம் (நடப்புச் சொத்தில் நடப்புக் கடன் போக மீதி) 10.25, புத்தக மதிப்பு 20.20. அவர் கொடுத்த விலை நடைமுறை மூலதனத்துக்கே கீழே; உங்கள் 21 உங்கள் ஆலையின் 17.50-க்கு மேலே. புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் அவருக்கு 0.37, உங்களுக்கு 0.30. உங்களுடையது மலிவு போலத் தெரிகிறது பாருங்கள். தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

அவர் திட்டமும் வேறு. கம்பெனி ஒவ்வொரு ஆலையாக மூடி, வந்த பணத்தில் சொந்தப் பங்கையே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. அதில் கொடுத்துவிட்டு வெளியே வருவதுதான் எண்ணம். தலைவர் சீபரி ஸ்டான்டன் 11.50 என்று வாய்ச்சொல்லாகப் பேசிவிட்டு 1964 மே மாதம் 11.375 என்று கடிதம் அனுப்பினார். ஒரு டாலரில் எட்டில் ஒரு பங்கு குறைந்த கோபத்தில் மனுஷன் கம்பெனியையே வாங்கிவிட்டார். வெளியேறும் வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆலை பங்கைத் திரும்ப வாங்குகிறதா? வட்டியே கட்ட முடியவில்லை.

முடிவு இன்னும் சுவாரசியம். 1985-இல் ஜவுளியை மூடியபோது 13 மில்லியன் டாலருக்கு வாங்கிய இயந்திரங்கள் புத்தகத்தில் 8,66,000 டாலராக நின்றன. ஏலத்தில் கிடைத்தது 1,63,122. 1981-இல் 5,000 டாலர் வீதம் வாங்கிய தறிகளை 50 டாலருக்கும் கேட்க ஆளில்லை. கடைசியில் 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின. "இயந்திரம் எல்லாம் இலவசம்" என்று ஜூலை 12-இல் ஒருவர் எழுதியிருந்தார்.

2 ஆகஸ்ட் | சிறுபங்குப்பித்தன்

அந்த ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார்.

20 ஆகஸ்ட் | கதிர்க்கணக்கு

பஞ்சுக்கு 11% இறக்குமதி வரியை நேற்று முதல் செப்டம்பர் 30 வரை எடுத்துவிட்டார்கள். "ஆலைகளுக்கு நல்ல காலம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. இனி வாங்கப்போகும் பஞ்சுக்கு நல்லதுதான். கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் பஞ்சுக்கு?

உங்கள் ஆலையில் மார்ச்சில் பஞ்சு 12 கோடிக்கு இருந்தது. கேண்டி (356 கிலோ) 55,000 என்றால் 2,180 கேண்டி, ஏறக்குறைய மூன்று மாத ஓட்டம். கேண்டிக்கு 10,000 இறங்கினால் 2.18 கோடி அவுட். சந்தை மதிப்பில் கால்வாசி. 2022-இல் இதுதான் நடந்தது: மே மாதம் கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது, அந்த விலையில் கிடங்கை நிரப்பியவர்கள் அடுத்த ஆண்டு முழுக்க அழுதார்கள்.

இதில் ஒரு கணக்குப் பொறி உண்டு. சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர விலை, இரண்டில் குறைவானதற்குப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் மூலப்பொருளுக்கு விலக்கு: அதிலிருந்து வரும் நூல் அடக்க விலைக்கு விற்கும் என்று நிர்வாகம் சொன்னால், பஞ்சு விலை விழுந்தாலும் இறக்கிக் காட்ட வேண்டியதில்லை. மார்ச் எண் அழகாக இருக்கும், நஷ்டம் ஜூனில் வரும்.

29 ஆகஸ்ட் | கதிர்க்கணக்கு

மேலே எழுதியதற்குத் திருத்தம்: வரிவிலக்கை டிசம்பர் 31 வரை நீட்டிவிட்டார்கள். 27-ஆம் தேதி முதல் அமெரிக்கா நம் துணிக்கு 50% வரி. திருப்பூர் ஆர்டர் நின்றால் நூல் எடுப்பவர்கள் பாக்கியை இழுப்பார்கள். ஆண்டறிக்கை வந்ததும் வரவேண்டிய பாக்கியின் வயதுப் பட்டியலை முதலில் பாருங்கள்.

6 செப்டம்பர் | சிறுபங்குப்பித்தன்

ஆண்டறிக்கை வந்துவிட்டது. பாக்கி 9 கோடியில் ஆறு மாதத்துக்குள் 6, இரண்டு ஆண்டுவரை 1, அதற்கு மேல் 2. சரக்கு: பஞ்சு 12, நூல் 6, பாதி வேலை 2, உதிரி 1. நிலம் 14-இல் 11 கோடி இந்தியக் கணக்கியல் தரத்துக்கு (இண்டு-ஏஎஸ்) மாறியபோது ஏற்றியது. குழுமக் கம்பெனிக்குக் கடன் 2 கோடி. தொழிலாளர் 220.

6 செப்டம்பர் | கதிர்க்கணக்கு

இனிதான் உண்மையான கணக்கு. நாளைக்கே மூடி விற்றால் என்ன மிஞ்சும்?

பஞ்சுக்கு 85%, 10.2 கோடி. நூலுக்கும் 85%, 5.1. பாதி வேலை என்பது மூடிய ஆலையில் கழிவுப் பஞ்சுக்குச் சமம், 40% கொடுத்ததே தாராளம், 0.8. உதிரிப் பாகம் 0.2. பாக்கியில் புதியதற்கு 90%, இடையில் இருப்பதற்குப் பாதி, இரண்டு ஆண்டு தாண்டியதற்குப் பூஜ்யம்: 5.9. பணம் 1.5, அதில் பெரும்பகுதி வங்கியின் மார்ஜின் டெபாசிட், எப்படியும் கடனுக்குத்தான் போகும். ஜிஎஸ்டி வரவும் மற்றதும் 3.5-க்கு 2.1. கூட்டினால் 25.8.

கட்டடம், இயந்திரம், காற்றாலை 11.6-க்குக் கால்வாசி, 2.9. தறியை நினைத்துக்கொள்ளுங்கள். குழுமக் கம்பெனிக் கடனுக்குப் பூஜ்யம், விவாதமே வேண்டாம். நிலம் புத்தகத்தில் உள்ளபடி 14. மொத்தம் 42.7.

கழிக்க: பொறுப்பு 35. தொழிலாளர் தனி. சராசரி 12 ஆண்டு, மாதம் 15,000 என்று வைத்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை, ஆண்டுக்கு மாதச் சம்பளத்தில் 26-இல் 15 பங்கு) ஆளுக்கு 1.04 லட்சம், 220 பேருக்கு 2.28 கோடி. புத்தகத்தில் ஒதுக்கியது 1.3 என்று குறிப்பில் இருக்கும். ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், ஆளுக்கு 90,000, மொத்தம் 1.98. ஆகக் கூடுதலாக 3 கோடி.

மிச்சம் 4.7 கோடி. பங்குக்கு 11.75.

உங்கள் 52.50 போய் 11.75. இதில் நிலத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

7 செப்டம்பர் | பேரேடு

கணக்கு நன்று, ஒரு பிழை. பொறுப்பு 35-இல் ஒத்திவைத்த வரி 1 கோடி இருக்கிறது. அது யாருக்கும் கட்ட வேண்டிய பணம் இல்லை. கூட்டிக்கொண்டால் 5.7 கோடி, பங்குக்கு 14.25.

7 செப்டம்பர் | கதிர்க்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், அவசரத்தில் கழித்துவிட்டேன்.

8 செப்டம்பர் | பேரேடு

நேற்று எழுதியதை நானே பாதி வாபஸ் வாங்குகிறேன். ஆலை ஓடும்வரை அது பணம் இல்லை. நிலத்தை விற்ற அன்று வேறு பெயரில் எழுந்து வரும். 14-க்கு விற்று அடக்கம் 3 என்றால் 11 கோடி ஆதாயம், 12.5% வரி, 1.4 கோடி, சர்சார்ஜ், செஸ் தனி. 2024 ஜூலைக்குப் பிறகு இன்டெக்ஸேஷனும் (விலைவாசிக்கு ஏற்ப அடக்கத்தை ஏற்றிக் காட்டுவது) கிடையாது. பழைய நிலம் என்றால் 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பை அடக்கமாகக் காட்டிக் கொஞ்சம் குறைக்கலாம். ஆக 4.3 கோடி, பங்குக்கு 10.75.

8 செப்டம்பர் | கதிர்க்கணக்கு

11.75, 14.25, 10.75. மூன்று நாளில் இரண்டு கணக்குப் பிள்ளைகள் ஒரே பங்குக்கு மூன்று விலை. 11 என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் இங்கே வெறும் அலங்காரம்.

21 நியாயம் என்று சொல்ல நிலம் எவ்வளவுக்குப் போக வேண்டும்? இன்னும் 4.1 கோடி வரி போகக் கையில் வேண்டும், அதாவது 14 அல்ல, 18.7 கோடி. எத்தனை ஏக்கர்?

8 செப்டம்பர் | சிறுபங்குப்பித்தன்

18 ஏக்கர்.

8 செப்டம்பர் | கதிர்க்கணக்கு

புத்தகத்தில் ஏக்கர் 78 லட்சம். 21-க்கு 1.04 கோடி வேண்டும். பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள், பக்கத்தில் நடந்த கிரயம் இரண்டு மூன்றை வில்லங்கத்தில் எடுங்கள். 18 ஏக்கரை மொத்தமாக எடுப்பவர் சென்ட் விலையைப் பெருக்கித் தரமாட்டார். ரோட்டுக்கும் பூங்காவுக்கும் போவதைக் கழித்துத்தான் கேட்பார்.

பத்திரம் கம்பெனி பெயரில்தானா என்பதும் முக்கியம். ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பில் (காரோ 2020 என்ற ஆடிட் ஆணைப்படி வருவது) முதல் பத்தியிலேயே இருக்கும்: கம்பெனி பெயரில் இல்லாத அசையாச் சொத்து உண்டா என்று. அங்கேயே இரண்டாம் பத்தியையும் படியுங்கள். 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் இருந்தால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த சரக்குக் கணக்கும் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் சொல்லியாக வேண்டும். வங்கிக்கு 24 கோடி சரக்கு என்று காட்டிப் புத்தகத்தில் 21 இருந்தால், மேலே நான் போட்ட 85 சதவீதமெல்லாம் வெட்டி.

9 செப்டம்பர் | சிறுபங்குப்பித்தன்

பத்திரம் சரி. சரக்கு வித்தியாசம் ஒரு காலாண்டில் 40 லட்சம், "கழிவுப் பஞ்சு மதிப்பீட்டால்" என்று விளக்கம். இன்னொன்று: நிர்வாக நெறிமுறை அறிக்கை "பொருந்தாது" என்று ஒரே வரி. 27 கோடி நிகர மதிப்புக்கு எப்படிப் பொருந்தாமல் போகும்?

9 செப்டம்பர் | பேரேடு

செலுத்திய மூலதனம் 10 கோடிக்குள், நிகர மதிப்பு 25 கோடிக்குள், இரண்டும் இருந்தால் செபியின் (பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2015 பட்டியல் விதிமுறைகளில் நெறிமுறைப் பகுதியிலிருந்து விலக்கு. கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பில் சொத்து மறுமதிப்பீட்டில் வந்தது சேராது. 27.6-இல் 11 போனால் 16.6. உங்களிடம் 69 என்று காட்டும்போது நிலம் ஏறும், விலக்கு கேட்கும்போது இறங்கும். சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அந்த 2 கோடி குழுமக் கடன் போன்றவற்றில் சிறு பங்குதாரர் தனி வாக்கு என்ற காவல் இல்லை என்று அர்த்தம்.

10 செப்டம்பர் | கதிர்க்கணக்கு

இது எனக்குத் தோன்றவில்லை, பேரேடு சார். நல்ல கண். கம்பெனியே 16.6 என்று நம்புகிறது என்றால் புத்தக மதிப்பு 41.50தான்.

பொதுக்குழுவில் கேளுங்கள். ஒரு பங்கு போதும். கட்-ஆஃப் தேதிக்கு முன் டிமேட்டில் இருக்க வேண்டும், பேசுபவராகப் பதிவுசெய்ய வேண்டும். கேள்வி மூன்று: குழுமக் கடனுக்கு வட்டி வருகிறதா, எத்தனை சதவீதம்? இரண்டு ஆண்டு தாண்டிய 2 கோடி பாக்கி எத்தனை பேரிடம்? வங்கி இந்த ஆண்டு வரம்பைப் புதுப்பித்ததா? "எதிர்காலத் திட்டம் என்ன" என்று கேட்காதீர்கள். இருபது நிமிடம் சூரிய மின்சாரம் பற்றிப் பேசுவார்கள்.

5 அக்டோபர் | ஈரோட்டுக்காரன்

எல்சிட் 3 ரூவாயிலிருந்து ரெண்டரை லட்சம் போச்சே, அதுவும் சின்னப் புழக்கந்தானே?

5 அக்டோபர் | கதிர்க்கணக்கு

வரும் என்று தெரியும். 2024 அக்டோபர் 29, எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ், 3.53-லிருந்து 2,36,250. மொத்தமே இரண்டு லட்சம் பங்கு. உள்ளே இருந்தது ஏசியன் பெயின்ட்ஸ் பங்கு. தினமும் விலை தெரியும், சொல்லிக்கொள்ளும்படி கடன் இல்லை. அந்த மதிப்புக்கு யாரும் 3 ரூபாயில் விற்கத் தயாராக இல்லாததால் வணிகமே நடக்கவில்லை. செபி சொல்லி எக்ஸ்சேஞ்ச் விலை வரம்பில்லாத சிறப்பு அழைப்பு ஏலம் வைத்தது, பூட்டு திறந்தது. அங்கே பூட்டு விலையில் இருந்தது, சொத்தில் இல்லை. அப்படியும் அன்றைய விலை புத்தக மதிப்பில் பாதிக்குக் கீழேதான். கையில் எடுக்க முடியாத சொத்துக்குச் சந்தை எவ்வளவு கழிக்கும் என்பதற்கு அதுவே அளவு; நம் ஆலைக்குக் கழிவு குறைய ஒரு காரணமும் இல்லை.

22 அக்டோபர் | சிறுபங்குப்பித்தன்

செப்டம்பர் பட்டியல் வந்தது. அந்தத் தனிநபர் பெயர் இல்லை! விலை 18.60.

22 அக்டோபர் | கதிர்க்கணக்கு

இல்லை என்றால் விற்றுத் தீர்த்தார் என்று பொருள் அல்ல, 40,000-க்குக் கீழே போனார் என்றுதான். ஜூனில் எவ்வளவு இருந்தது?

22 அக்டோபர் | சிறுபங்குப்பித்தன்

97,000. இன்னும் 39,000 இருக்கலாம், அதானே?

22 அக்டோபர் | கதிர்க்கணக்கு

அதேதான்.

15 நவம்பர் | சிறுபங்குப்பித்தன்

அரையாண்டு முடிவு. குறுகியகாலக் கடன் 16-லிருந்து 13! நஷ்டம் 70 லட்சம், ஆனால் கடன் குறைகிறது.

15 நவம்பர் | கதிர்க்கணக்கு

மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள். பஞ்சு சீசனில் கிடங்கை நிரப்பி மார்ச்சில் கடன் உச்சம். செப்டம்பரில் கிடங்கு காலி, கடன் அடிமட்டம். எந்த நூற்பாலையிலும் அப்படித்தான். போன செப்டம்பர் எண் என்ன?

15 நவம்பர் | சிறுபங்குப்பித்தன்

12.2.

15 நவம்பர் | கதிர்க்கணக்கு

அப்போது 80 லட்சம் கூடியிருக்கிறது. அரையாண்டு நஷ்டத்தை வங்கி சுமந்திருக்கிறது.

23 நவம்பர் | கதிர்க்கணக்கு

என் கணக்கில் ஒரு பெரிய திருத்தம், இந்த முறை உங்கள் பக்கம். நான் "நாளைக்கே மூடினால்" என்று சும்மா எழுதினேன். 100 பேருக்கு மேல் உள்ள ஆலையை அரசின் முன் அனுமதி இல்லாமல் மூட முடியாது என்பதுதான் இதுவரை சட்டம். 220 பேர் உள்ள ஆலை நடைமுறையில் மூடவே முடியாதது. ஆக அந்த 11 ரூபாய்கூடக் காகிதத்தில்தான் இருந்தது. நேற்றுமுன்தினம், நவம்பர் 21, தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது, வரம்பு 300. இந்த ஆலை வெளியே வந்துவிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளுக்கு இன்னொரு 15 நாள் சம்பளம் மறுபயிற்சி நிதிக்கு: 7,500 பெருக்கல் 220, பதினாறரை லட்சம், பொருட்டில்லை. சம்பள வரையறை மாறியதால் கிராஜுவிட்டி கூடலாம்.

தொழிலாளர் பக்கம் நின்று பார்த்தால் இது வேறு விதமான செய்தி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மூடும் வழி திறந்ததும் மூடுவார்களா என்பது 73% வைத்திருப்பவர் கையில். அவருக்கு மாதச் சம்பளமும் குழுமக் கடனும் ஆலை ஓடினால்தான்.

23 நவம்பர் | சிறுபங்குப்பித்தன்

சரி, 11-க்கு லிமிட் போட்டு வைக்கவா?

23 நவம்பர் | கதிர்க்கணக்கு

போட முடியாது. இன்று 18.60 என்றால் 5% வரம்பில் 17.67-க்குக் கீழே எக்ஸ்சேஞ்ச் ஆர்டரையே ஏற்காது. விலை எச்சரிக்கை மட்டும் வையுங்கள். டிசம்பர் காலாண்டு முடிவில் இருப்புநிலை வராது, லாப நட்டக் கணக்கு மட்டும்தான். அடுத்த இருப்புநிலை மே மாதம், மார்ச் எண்ணோடு. குறுகியகாலக் கடனையும் பஞ்சுச் சரக்கையும் அன்று இங்கே போடுங்கள். கடன் 16-ஐத் தாண்டி, பஞ்சு 12-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கையையும் எடுத்துவிடலாம்.